புதுப்பேட்டைக்கு ஒரு துண்டுச் சீட்டு: போக்குவரத்து ஆணையருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

புதுப்பேட்டையைப் பற்றி எழுதுகிறேன். எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் கூவத்தை ஒட்டி, பழைய வண்டிகளை உடைத்துப் பாகமாக விற்கும் அந்தச் சில தெருக்களுக்கு, சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர் யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை. உங்கள் துறைக்கும் மாநகராட்சிக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுக்கும் காவல்துறைக்கும் அது ஆளுக்கொரு விதமான தலைவலி. தெருவை அடைத்து நிற்கும் வண்டிக் கூடுகள், சாக்கடையில் எஞ்சின் ஆயில், அவ்வப்போது பிடிபடும் திருட்டு பைக். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தச் சந்தையையும் ஊருக்கு வெளியே அனுப்பப் போகிறோம் என்று செய்தி வரும். கொஞ்ச நாள் பேச்சு நடக்கும். அப்புறம் மழை வந்துவிடும், இல்லாவிட்டால் தேர்தல் வந்துவிடும்.

கடைகள் அங்கேயே இருக்கட்டும், புறநகருக்குப் போகட்டும். அதில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். அங்கே விற்கும் கதவோ கியர்பாக்ஸோ ஹெட்லைட்டோ எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று எழுதிய ஒரு சீட்டு, வாங்குபவர் கைக்கு வர வேண்டும். அந்தச் சீட்டைக் கொடுக்கும் சட்டத் தகுதி கடைக்காரருக்கு இருக்க வேண்டும். இன்றைக்கு நேர்மையான கடைக்காரர் ஆசைப்பட்டாலும் அதைக் கொடுக்க வழியில்லை. அந்த வழியைத் திறப்பது பெரும்பாலும் உங்கள் அலுவலகத்தின் கையில் இருக்கிறது.

முதலில், அங்கே யார் போகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். திருட்டுப் பொருள் மலிவாகக் கிடைக்கும் என்று போகிறவர்கள் இருக்கலாம். நான் பார்த்தவரை பெரும்பாலோர் வேறு வழியில்லாமல் போகிறவர்கள். என்னிடம் இருப்பது 2012 ஃபோர்டு ஃபிகோ. மறைமலைநகரில் செய்த வண்டி. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகரில் 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்று கம்பெனி சொன்னது, தொடரத்தான் செய்கிறது. ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் சிரமமில்லை. டெயில் லேம்ப், கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், டேஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி என்று போனால்தான் “ஆர்டர் போடணும் சார், எப்ப வரும்னு சொல்ல முடியாது” என்கிறார்கள்.

ஃபோர்டு மட்டும் இல்லை. டாட்சன் கோ ஒரகடத்தில் செய்த வண்டி. அந்தப் பிராண்டையே 2022 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். மிட்சுபிஷி லான்சர் 1998 முதல் திருவள்ளூரில் செய்தது. செவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, ஆனால் டவேரா இன்னும் திருமணக் கோஷ்டிகளை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் நம் மாவட்டங்களிலேயே பிறந்து, பெற்றவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகும் ஓடும் வண்டிகள் இவை. இவற்றின் சொந்தக்காரர்களுக்குப் புதுப்பேட்டைதான் சர்வீஸ் சென்டர். பதினைந்து ஆண்டு முடிந்ததும் மறுபதிவுக்கு வண்டியை உங்கள் ஆய்வாளர் முன்னால் நிறுத்துகிறோமே, அந்தச் சோதனையில் உடைந்த ஹெட்லைட்டோடு போனால் எஃப்சி என்ற தகுதிச் சான்றிதழ் கிடைக்குமா? கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் அந்த ஹெட்லைட் எங்கிருந்து வருகிறது என்று துறை இதுவரை கேட்டதில்லை.

எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது என் வண்டியின் இடது முன்மூலையை நசுக்கிவிட்டது. ஃபெண்டரை டிங்கரிங் பார்த்து நிமிர்த்திவிடலாம், ஹெட்லைட் தேறாது என்றார் மெக்கானிக். இருவரும் புதுப்பேட்டைக்குப் போனோம். கடை என்பது பத்தடி அகலம். உள்ளே தரையிலிருந்து கூரைவரை ஹெட்லைட்டுகள்; மாடல் வாரியாக, இடது தனி, வலது தனி. பையன் ஒருவன் ஏணியில் ஏறி மூன்றை இறக்கி வைத்தான். மெக்கானிக் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பிடித்து, போல்ட் போகும் காதுகளைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்தார். முதலாவதில் ஒரு காது உடைந்து எம்சீல் வைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. ஒதுக்கிவிட்டார். இரண்டாவதில் உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு பல்புக்கு மேலே கருகியிருந்தது. யாரோ அதிக வாட் பல்பு போட்டு ஓட்டியிருக்கிறார். மூன்றாவதில் மட்டம் திருத்தும் ஸ்க்ரூ சுலபமாகச் சுற்றியது. கடைக்காரர் இரண்டு வயரைப் பழைய பேட்டரியில் வைத்து எரியவிட்டுக் காட்டினார். புதியதன் விலையில் பாதிகூட இல்லை.

விலை முடிந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளை பெயின்ட் மார்க்கரை எடுத்து, ஹவுசிங்கின் பின்னால் ஒரு கிறுக்கல் போட்டார். “இந்த மார்க் இருந்தாத்தான் ரிட்டர்ன் எடுப்பேன் சார்.” பக்கத்துக் கடையில் வாங்கிய உடைசலை இவர் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்கு அந்தக் கிறுக்கல். கடைக்குக் கடை ஒரு மார்க் உண்டு, ஒருவருடையதை இன்னொருவர் போடுவதில்லை என்று மெக்கானிக் சொன்னார். பில் கேட்டேன். ‘ஹெட்லைட் 1’ என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார். எந்த வண்டியிலிருந்து கழற்றியது அண்ணே என்றேன். “ஆக்சிடென்ட் வண்டி சார். பின்னாடி அடி. முன்னாடி கை படல.”

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நான் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சந்தை தன் சரக்கை அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளத் தெரிந்த சந்தை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கடையைவிட்டுப் போன பாகத்தை அவர்கள் ஒரு மார்க்கர் பேனாவை வைத்தே தொடர்கிறார்கள். கடைக்கு அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற தடம் மட்டும் எங்குமே பதிவாவதில்லை. கடைக்காரருக்கு அது தேவையில்லை, அரசு கேட்பதில்லை, கேட்டாலும் பதில் எழுதுவதற்கு ஒரு படிவம் கிடையாது.

ஹெட்லைட்டுக்குச் சீட்டு இல்லாவிட்டால் குடி முழுகாது. எஞ்சினுக்கு அப்படி இல்லை. எஞ்சினை மாற்றினால் ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றிதழில், புதிய எஞ்சின் எண்ணைப் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. நியாயமான விதி. ஆனால் நடைமுறையைப் பாருங்கள். டவேரா வைத்து வாடகை ஓட்டுபவருக்கு எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது. புதிய எஞ்சின் கம்பெனியில் கிடையாது, கிடைத்தாலும் வண்டியின் விலையைத் தாண்டும். புதுப்பேட்டையில் நல்ல எஞ்சின் இருக்கிறது. வாங்கி மாட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போனால், எஞ்சின் எங்கே வாங்கியது, எந்த வண்டியுடையது, அந்த வண்டியின் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தரக்கூடிய தாளை, அந்த எஞ்சினை விற்ற கடை கொடுக்கவே முடியாது. இந்த இடைவெளியில்தான் ஒரு புரோக்கர் வந்து உட்கார்ந்துகொண்டு “பேப்பர் நான் ரெடி பண்ணித் தரேன்” என்கிறார். பேப்பர் ரெடியாகிறது. அது எப்படி ரெடியானது என்று யாரும் கேட்பதில்லை. அல்லது அந்த ஓட்டுநர் பதியாமலே ஓட்டுகிறார். ஒருநாள் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் எஞ்சின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறார்.

அதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கியிருந்தாலோ அது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 317. ‘நம்புவதற்குக் காரணம்’ என்ற அந்தச் சொற்களை வைத்துப் புதுப்பேட்டையில் எதை வாங்கிய யாரை வேண்டுமானாலும் ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார வைக்கலாம். பில்லே இல்லாத சந்தையில் மலிவாக வாங்கினாய் அல்லவா என்று கேட்டால், என் மெக்கானிக் என்ன பதில் சொல்வார்? எழும்பூரில் இன்று காவல் அருங்காட்சியகமாக இருக்கும் பழைய கமிஷனர் அலுவலகத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஒரு சந்தை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அங்கே வாங்குவது சரியா தவறா என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

சட்டம் இல்லாமல் இல்லை, தெரியும். 2021 செப்டம்பரில் மத்திய அரசு பதிவுபெற்ற வாகன அழிப்பு நிலையங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. வண்டியை அங்கே ஒப்படைத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்கினால் சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று விதி. உடைப்பதற்கு முன் அந்த வண்டி திருடுபோன பட்டியலில் இருக்கிறதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவில் நிலையம் பார்த்தாக வேண்டும். உடைத்த பிறகு, வாகனப் பதிவுக்கான அரசுத் தரவுத் தளமான ‘வாகன்’ தளத்தில் பதிவு ரத்தாகும். எல்லாம் நல்ல ஏற்பாடு. 2025 ஏப்ரல் 1 முதல் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான மேலாண்மை விதிகளும் அமலுக்கு வந்து, தயாரித்த கம்பெனிகளுக்கும் பொறுப்பு வைத்திருக்கின்றன.

ஆனால் இந்த விதிகளை எழுதியவர்களின் மனத்தில் இருந்த கார் வெறும் எஃகு. தயாரிப்பாளர் எவ்வளவு பொறுப்பை நிறைவேற்றினார் என்பதற்கு 2025 விதிகளில் அளவுகோல், எத்தனை எடை எஃகு மீட்கப்பட்டது என்பதுதான். ஒரு ஃபிகோவை நசுக்கி உருக்காலைக்கு அனுப்பினால் அது கணக்கில் ஏறும். அதே ஃபிகோவின் நாலு கதவையும் கியர்பாக்ஸையும் ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் கழற்றி இன்னொரு ஏழெட்டு ஆண்டு ஓடவிட்டால் அந்தக் கணக்கில் அதற்கு ஒரு வரி கிடையாது. உருக்கி மறுபடி கம்பியாக்குவதைவிட, கதவைக் கதவாகவே பயன்படுத்துவதில் மின்சாரமும் நிலக்கரியும் மிச்சம் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. புதுப்பேட்டைக்காரர்கள் இதைச் சுற்றுச்சூழலுக்காகச் செய்யவில்லை, வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார்கள். செய்வது என்னவோ அதுதான்.

இன்னொன்று. பதிவுபெற்ற நிலையம் வைக்க பெரிய இடம் வேண்டும், வங்கி உத்தரவாதம் வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டும், இயந்திரங்கள் வேண்டும். பெரிய முதலீட்டாளருக்கு ஏற்ற விதி. பத்தடிக் கடையில் ஹெட்லைட்டை அடுக்கி வைத்திருப்பவருக்கு இதில் கதவே இல்லை. அவர் பழையபடி வண்டியை வாங்குவார், பழையபடி வெட்டுவார், பழையபடி ‘ஹெட்லைட் 1’ என்று எழுதிக் கொடுப்பார். சட்டப்படியான பாதை ஒன்று போட்டிருக்கிறோம். அதில் வர வேண்டிய கூட்டத்துக்கு அதில் ஏற இடமில்லை.

அவருக்கு வண்டி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது. நல்ல கடைகளில் குவிந்திருப்பவை பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் டோட்டல் லாஸ் என்று தள்ளிய வண்டிகள். பழுதுபார்க்கும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டியை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள். கூட்டை ஏலத்தில் விடுவார்கள். எடுப்பவர் சால்வேஜ் வியாபாரி. இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வண்டி பயன்படுத்த முடியாத நிலைக்குப் போனால் உரிமையாளர் பதினான்கு நாளுக்குள் தெரிவித்து, ஆர்சியை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது 55-ஆவது பிரிவு. ஆனால் உரிமையாளர் கையில் பணம் வந்துவிட்டது, வண்டி போய்விட்டது. அவர் ஏன் ஆர்டிஓ அலுவலகத்துக்கு அலையப் போகிறார்? ரத்தாகாத ஆர்சி, கூட்டோடு சேர்ந்து கைமாறுகிறது. கூடு ஒரு விலை, ஆர்சியோடு சேர்ந்தால் இன்னொரு விலை. அதே மாடல், அதே நிறத்தில் எங்கோ திருடிய வண்டிக்கு இந்த ஆர்சியின் சேசிஸ் எண்ணை வெட்டி ஒட்டிவிட்டால் அந்த வண்டி ‘சுத்தமாகி’விடும். இதெல்லாம் உங்கள் துறைக்கும் காவல்துறைக்கும் தெரியாத வித்தை இல்லை.

ஆகவே முதலில் அடைக்க வேண்டியது புதுப்பேட்டைக்கு வெளியே இருக்கும் இந்த ஓட்டையை. முழு இழப்பு என்று முடிவான வண்டியின் பதிவை ரத்து செய்த பிறகுதான் கூடு ஏலத்துக்குப் போக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியே ரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேசிஸ் எண் பொறித்த தகட்டை வெட்டி ஒப்படைத்த பிறகுதான் வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும். பழுதுபார்த்து மறுபடி ஓட்டப் போவதாக இருந்தால் அதற்குத் தனிக் குறிப்பு, தனி ஆய்வு. இதை மாநில அளவிலேயே ஒரு சுற்றறிக்கையில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடம் பேச வேண்டியது இருந்தால், பேசும் தகுதி உங்களுக்கு உண்டு, எனக்கு இல்லை.

அடுத்து, வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியபோதும் தெருத் தெருவாகக் கார்கள் கூரைவரை தண்ணீரில் நின்றன. அவற்றில் எத்தனையோ டோட்டல் லாஸ். அவை எல்லாம் பாகம் பாகமாக எங்கே போயிருக்கும்? தண்ணீரில் மூழ்கிய வண்டியின் கதவு நல்ல கதவுதான். பானட், கண்ணாடி, சக்கரம், எல்லாம் சரி. ஆனால் அதன் ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர், ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட், ஏபிஎஸ் மாட்யூல், வயரிங் எதையும் தொடக் கூடாது. கடையில் எரியும், வீட்டில் எரியும், ஆறு மாதம் கழித்துக் கனெக்டருக்குள் பச்சை பூத்து, ஈசிஆரில் போகும்போது எஞ்சின் அணையும். வாங்குபவர் இதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. கனெக்டரைக் கழற்றிப் பின்களில் பச்சைப் படிவு இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. வண்டி முழுசாக இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பது இன்னொன்று. சுருளின் உள்பக்கத்தில் சேற்றுக் கோடு நிற்கும், அங்கே யாரும் துடைப்பதில்லை. ஆனால் மேசைமேல் தனியாக வந்து கிடக்கும் ஈசியூவில் சீட் பெல்ட்டுக்கு எங்கே போவது? இது மூழ்கிய வண்டி என்று சொல்லக்கூடிய ஒரே ஆவணம் இன்ஷூரன்ஸ் சர்வேயரின் அறிக்கை. அது ஏலத்தோடு முடிந்துவிடுகிறது. நான் கேட்கும் சீட்டில் அந்த ஒரு வரி கட்டாயம் வர வேண்டும்.

விற்கவே கூடாதவை என்று ஒரு பட்டியலும் வேண்டும், கடைச் சுவரில் தமிழில் ஒட்டும்படி. ஏர்பேக், சீட் பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனர் இரண்டிலும் வெடிமருந்து இருக்கிறது, இரண்டும் ஒருமுறைதான் வேலை செய்யும். வெடித்த ஏர்பேக்கை மடித்துத் தைத்து மூடிபோட்டு விற்றால் பார்ப்பவருக்குத் தெரியாது; அதற்கு முன்னால் உட்காரும் ஆளுக்கு ஒருநாள் தெரியும். பிரேக் ஹோஸ் விற்கக் கூடாது. டயரை விற்கலாம் என்றால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்பு வாரத்தைச் சீட்டில் எழுதிவிட்டு விற்கட்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தனிக் கதை. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதை வாங்குகிறவர் காருக்கு மாட்டுவதற்காக வாங்குவதில்லை. அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பதிவு இல்லாமல் கைமாறக் கூடாது. மற்றபடி கதவு, கண்ணாடி, சீட், விளக்கு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் தாராளமாக விற்கட்டும்.

கூவத்தைப் பற்றி ஒரு பத்தி. வண்டியை வெட்டுவதற்கு முன் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் திரவம், பெட்ரோல் எல்லாவற்றையும் வடிக்க வேண்டும், ஏசி வாயுவை உறிஞ்ச வேண்டும். வடிகட்டிய ஆயிலுக்கு விலை இருப்பதால் அதைப் பாதி பேர் பத்திரமாகச் சேர்க்கிறார்கள். கூலன்டுக்கு விலை இல்லை, தெருவில் போகிறது. ஏசி வாயு ஒரு சீற்றத்தோடு காற்றில் போகிறது. அந்த ஆர்134ஏ வாயு கிலோவுக்குக் கிலோ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது. ஒவ்வொரு கடையும் இதற்கு இயந்திரம் வாங்க முடியாது. சந்தைக்குப் பொதுவாக ஒரு வடிப்புக் கொட்டகை போதும். வண்டி முதலில் அங்கே போகும், அங்கேயே சேசிஸ் எண்ணும் பதிவாகும், அப்புறம் கடைக்குப் போகும். சந்தையை இடம் மாற்றப் போவதாக இருந்தால் இதை முதலில் கட்டிவிட்டு மாற்றுங்கள். கடைகளை மட்டும் மாற்றினால் இந்தக் கூலன்ட் கூவத்துக்குப் பதில் இன்னொரு ஏரிக்குப் போகும்.

மற்ற ஊர்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி பழைய உலோகம் வாங்குபவரும் வண்டி உடைப்பவரும் உள்ளாட்சியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், ரொக்கமாகப் பணம் கொடுக்கக் கூடாது. ரொக்கத் தடை ஒன்றே பெரிய வேலை செய்யும். திருடியவன் வங்கிக் கணக்கு எண் கொடுக்க மாட்டான். யுபிஐ கையில் இருக்கும் நமக்கு இது இங்கிலாந்தைவிடச் சுலபம். அமெரிக்காவில் 1984-இல் வந்த சட்டத்தின் கீழ், அதிகம் திருடுபோகும் மாடல்களின் எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு, பானட் போன்றவற்றில் வண்டியின் எண்ணைத் தயாரிப்பாளரே பொறித்துவிடுகிறார். அங்கே உடைப்பு யார்டுகள் தங்களிடம் வந்த வண்டிகளின் எண்களை மாதாமாதம் தேசியத் தரவுத் தளத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஜப்பானில் 2005 முதல் புதிய கார் வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஏர்பேக்கையும் ஏசி வாயுவையும் பத்திரமாக அகற்றும் செலவு அதிலிருந்து போகிறது. நம் மத்திய அமைச்சகமும் 2019-இல் வண்டியிலும் பாகங்களிலும் மைக்ரோடாட் என்ற கண்ணுக்குத் தெரியாத அடையாளப் புள்ளிகளைப் பதிப்பது பற்றி ஒரு வரைவு வெளியிட்டது. ஃபிகோ காலத்து வண்டிகளுக்கு அதனால் பயனில்லை. நமக்கு இப்போதைக்கு மார்க்கர் பேனாதான்.

பூட்டிவிடுவது என்ற வழியும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தையைத் திருட்டு வண்டிகளை உடைக்கும் இடம் என்று சொல்லி 2021 டிசம்பரில் போலீஸார் மூடினார்கள். கைதட்டல் கிடைத்தது. சென்னையில் அப்படி யாராவது யோசித்தால், தயவுசெய்து நீங்கள் தடுத்து நிறுத்துங்கள். வெட்டத் தெரிந்த கை வேறு தெருவில், ஷட்டரை இறக்கிவிட்டு, இரவில் வெட்டும். இப்போதாவது மார்க் போட்டுக் கொடுக்கிறார்கள், ரிட்டர்ன் எடுக்கிறார்கள், முகம் தெரிந்த மனிதர்களாக இருக்கிறார்கள்.

செய்யக்கூடியது என்று எனக்குப் படுவது இது. அழிப்பு நிலைய விதிகளின் குடைக்குக் கீழேயே, நிலையங்களிடமிருந்தும் இன்ஷூரன்ஸ் ஏலத்திலிருந்தும் பதிவு ரத்தான வண்டிகளை மட்டும் வாங்கிப் பாகமாக விற்கும் சிறு கடைக்கு ஒரு பதிவு கொடுங்கள். கட்டணம் ஒரு கடைக்காரர் புலம்பாமல் கட்டக்கூடியதாக இருக்கட்டும். வண்டி வரும்போது சேசிஸ் எண்ணைப் போட்டால் ‘ரத்தானது, திருட்டுப் புகார் இல்லை’ என்றோ ‘வாங்காதே’ என்றோ பதில் வரும்படி வாகன் தளத்தில் அவருக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடுங்கள். உரிமையாளர் பெயரோ விலாசமோ அவருக்குத் தேவையில்லை. விற்கும் பாகத்தில் அவர் போடும் மார்க்கோடு அந்த வண்டியின் எண்ணில் கடைசி ஆறு இலக்கத்தையும் எழுதட்டும், அதையே சீட்டிலும் எழுதட்டும். எஞ்சினுக்கு அந்தச் சீட்டைக் காட்டினால் ஆர்சியில் மாற்றம் பதிய வேண்டும் என்று உங்கள் அலுவலகங்களுக்கு ஒரு உத்தரவு. சீட்டோடு வாங்கியவரைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள் என்று காவல்துறைக்கு ஒரு கடிதம்.

கடைக்காரர்கள் எல்லாரும் இதைக் கொண்டாடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டி வரும் என்று பயப்படுவார்கள், வரத்தான் செய்யும். சிலருக்குச் சீட்டு எழுத முடியாத சரக்கு இருக்கும். அவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள். ஆனால் வாங்குகிற பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். சீட்டோடு ஒரு கியர்பாக்ஸ், சீட்டில்லாமல் ஒன்று என்று இரண்டு பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துச் சீட்டோடு இருப்பதை வாங்க என் மெக்கானிக் தயார், நானும் தயார். முழுச் சந்தைக்கும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு தெரு, விருப்பப்பட்ட கடைகள், ஆறு மாதம். உங்கள் ஆய்வாளர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து சீட்டுப் புத்தகத்தையும் வாகன் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

மாதிரிச் சீட்டு ஒன்று எழுதிப் பார்த்தேன். மாடல், ஆண்டு, நிறம், சேசிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கம், பதிவு ரத்தான தேதி, கழற்றிய தேதி, தண்ணீரில் மூழ்கிய வண்டியா, ஆம் அல்லது இல்லை, கடையின் பதிவு எண், ரிட்டர்ன் எத்தனை நாள். நோட்டுத் தாளில் பாதிகூட ஆகவில்லை. கார்பன் வைத்து எழுதிக்கொள்ளலாம், கம்ப்யூட்டர்கூட வேண்டாம். இந்த மடலோடு அதையும் உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஃபிகோ வைத்திருக்கும் ஒரு சென்னைவாசி